நீலக் கரைசலை எங்கே ஊற்றுவது?

வீட்டில் படிகம் வளர்க்க மாணவர்கள் மயில்துத்தம் எனப்படும் காப்பர் சல்பேட்டைப் பயன்படுத்துவதுண்டு. சோதனை முடிந்ததும் எஞ்சும் நீலக் கரைசலைக் கால்வாயில் ஊற்றலாமா? கூடாது. அதிலுள்ள செம்பு, சிறிதளவே ஆனாலும் மீன்களுக்கு நஞ்சாகும்.

2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கிலுள்ள கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சு வாயுவால் ஆயிரக்கணக்கானோர் பாதிப்புற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அங்குக் கொட்டிய அளவு பெரிது; எனினும், 'தண்ணீரோடு போய்விடும்' என்னும் எண்ணம் ஒன்றே.

எஞ்சிய கரைசலை அடுத்த படிகத்துக்கே பயன்படுத்தலாம். தேவையில்லையெனில், மூடியுள்ள புட்டியில் ஊற்றிப் பெயரெழுதி, ஆசிரியரின் அனுமதியுடன் பள்ளி அறிவியல் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும். குளிர்பானப் புட்டி கூடாது. தம்பி தங்கையர் அருந்திவிடக்கூடும். கழிவை முறையாக அகற்றுவதும் சோதனையின் ஒரு படியே.