புரண்டு படுத்தாலே தலை சுற்றுகிறதா?

கேள்வி: படுக்கையில் புரண்டாலே அம்மாவுக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றுகிறது. பிரஷர், சுகர் இரண்டும் நார்மல். ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: முதலில் காதைக் காட்டுங்கள். உட்செவியில் இருக்கும் நுண்ணிய கால்சியத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் இப்படித்தான் சுற்றும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். காது-மூக்கு-தொண்டை மருத்துவர், அம்மாவின் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்து, கண்மணி துடிக்கிறதா என்று பார்ப்பார். டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் 1952-ல் விவரித்த சோதனை இது. துடித்தால், அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி வகுத்த முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்றுவார். சில நிமிட வேலைதான். பலருக்கு அன்றே குணம் தெரியும். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. தலையைத் திருப்ப வேண்டியிருப்பதால், கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் மரத்துப்போதல் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.