வானூர்திப் பொறியாளர்

ஆடிப்பூரத் திருநாளில் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் திருத்தேரைக் காணப் பல்லாயிரவர் கூடுவர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டையிட்டு அதன் போக்கைத் திருத்துவோரைக் கூர்ந்து நோக்குவார் சிலரே. தேர் எத்துணை எடை கொண்டதாயினும் குற்றமில்லை. உறுதியாக இருத்தல் வேண்டும். அண்மையிலுள்ள இராசபாளையத்து நூற்பாலையில் ஒரு பொறி பழுதுற்றால், அதனை நிறுத்திச் சீர்செய்வர்.

வானூர்திக்கோ இவ்விரு வசதிகளும் இல்லை. எடை மிகுந்தால் அது மேலெழாது. நடுவானில் நிறுத்திப் பழுது பார்க்கவும் இயலாது. உறுதியும் வேண்டும், எடையும் குறைதல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதே வானூர்திப் பொறியாளரின் கடமை.

இப்பணி பல பிரிவுகளை உடையது. இறக்கையின் வடிவைக் கணக்கிட்டு, காற்றுச் சுரங்கத்தில் அதன் சிற்றுருவை வைத்துச் சோதிப்போர் ஒரு சாரார். உடற்பகுதி தாங்கும் சுமையை அளப்போர் மற்றொரு சாரார். எந்திரத்தை ஆக்குவோரும், பறந்து திரும்பிய ஊர்தியைப் பேணுவோரும் வேறு சிலர்.

சிறு பிழையும் பெருந்தீங்கு விளைக்கும் என்பதற்குக் 'காமெட்' வானூர்தியின் வரலாறு சான்றாகும். இங்கிலாந்தில் உருவான இவ்வகை ஊர்திகளுள் இரண்டு, 1954ஆம் ஆண்டு சனவரியிலும் ஏப்பிரலிலும் இத்தாலியை அடுத்த கடலில் வீழ்ந்தன. 56 பேர் மாண்டனர். காரணம் அறிய விழைந்த அறிஞர்கள், மற்றொரு காமெட்டின் உடலை நீர்த்தொட்டியில் வைத்து, அதனுள் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றியிறக்கினர். உடலில் வெட்டப்பட்டிருந்த திறப்பின் மூலையருகே வெடிப்புத் தோன்றிற்று. கம்பியொன்றைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அஃது ஒடிவதன்றோ? உலோகமும் அவ்வாறே களைப்புறும். இவ்வுண்மை பின்வந்த வானூர்திகளைக் காத்தது. பிழையை மறையாது ஆராய்ந்தமையால் விளைந்த நன்மை இது.

நம் நாட்டில் 1940இல் பெங்களூரில் இந்துஸ்தான் வானூர்தித் தொழிற்சாலை தோன்றியது. வி. எம். காட்கே தலைமையில் வடிவமைக்கப்பெற்ற எச்.டி.-2 பயிற்சி ஊர்தி 1951இல் பறந்தது. தேசசு போர் ஊர்தியின் முதற்பறப்பு 2001 சனவரி 4 அன்று நிகழ்ந்தது.

சென்னைக் குரோம்பேட்டையில் வானூர்திப் பொறியியல் பயின்றவர் அப்துல் கலாம். விமானியாக விழைந்து டேராடூன் சென்ற அவருக்குத் தேர்வில் ஒன்பதாம் இடமே கிட்டியது; எடுத்துக்கொள்ளப்பெற்றோர் எண்மர். மனம் நொந்தாராயினும் தளர்ந்தாரல்லர். 1958இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் பணியேற்றார். 1980இல் ரோகிணிச் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்திய ஏவூர்தித் திட்டத்தின் இயக்குநராகவும் விளங்கினார்.

இத்துறையை விழைவோர் கணிதமும் இயற்பியலும் கசடறக் கற்றல் வேண்டும். பொறியியற் பட்டம் பெற்றோர் ஆக்கத்திலும் ஆராய்ச்சியிலும் புகுவர். பராமரிப்புப் பொறியாளராக விரும்புவோர் அரசின் தேர்வுகளில் வென்று உரிமம் பெறுதல் வேண்டும். பொறியியற் கல்விக்குத் தொலைவூர் செல்லவேண்டிய நிலையும் இன்று குறைந்துள்ளது. திருவில்லிபுத்தூரை அடுத்த கிருட்டிணன்கோவிலில் 1984இல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியற் கல்லூரி, இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது.

கல்வியினும் மேலாக வேண்டப்படுவது வாய்மை. பழுதுபார்த்த ஊர்தி பறத்தற்குத் தக்கது என உரிமம் பெற்ற பொறியாளர் கையொப்பமிட்ட பின்னரே அது மேலெழும். ஐயம் இருக்கையில், காலம் தாழ்கின்றது என அஞ்சிக் கையொப்பமிடுதல் அவர்க்கு அறமன்று. பயணிகள் அவர் முகத்தைக் காண்பதில்லை, பெயரையும் அறியார். ஆயினும், முட்டுக்கட்டையிடுவோரை நம்பித் தேர் நகர்வது போல, அவர் கையொப்பத்தை நம்பியே அவர்கள் வானில் ஏறுகின்றனர்.