அரிய புற்றுநோயோடு வாழ்தலும் ஆய்வு நிதியும்

ஓராண்டில் ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வருவதை அரிய புற்றுநோய் என்பது ஐரோப்பிய வரையறை. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் அவற்றுள் ஒன்று. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் குடும்பத்தார் எங்களிடம் முதலில் கேட்பது, "இது சூளை வேலையால் வந்ததா?" என்பதே.

நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. ஆகவே முகக்கவசம் இன்றியமையாதது. ஆனால் இந்த இரத்தப் புற்றுநோய்க்கு மிகுந்த கதிர்வீச்சைத் தவிர வேறு புறக்காரணம் உறுதிப்படவில்லை. இது தொற்றாது, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதுமில்லை.

ஆய்வு தந்த மாத்திரை

1960-இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் நோயாளிகளின் அணுக்களில் இயல்பினும் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதே அதன் காரணம் என ஜேனட் ரௌலி 1973-இல் காட்டினார். அம்மாற்றத்தால் உண்டாகும் புரதத்தை அடக்கும் இமாட்டினிப், 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் அதன் காப்புரிமைக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று நிராகரித்தது. இன்று உள்நாட்டுத் தயாரிப்பு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. முன்பு சில ஆண்டுகளே வாழ்ந்த நோயாளிகளுள் பலர், இன்று ஏறத்தாழ இயல்பான ஆயுளை எட்டுகின்றனர்.

மறவாதிருக்க வேண்டியவை

மாத்திரையை நாள்தோறும் உணவோடும் ஒரு பெரிய குவளை நீரோடும் உட்கொள்ளுங்கள். உடல் நலமாக இருக்கிறதென்று தாமே நிறுத்துவது ஆபத்து. நோய் மீண்டும் தலைதூக்கலாம். மருத்துவர் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்குத் தவறாது வாருங்கள். கருத்தரிக்க விரும்புவோர் முன்னரே தெரிவியுங்கள்.

நிதி திரட்டல்

நோயாளிகள் சிலரே என்பதால் அரிய நோய்களின் ஆய்வுக்குப் பணம் எளிதில் வருவதில்லை. இழப்பிலிருந்து பொதுப்பணி பிறந்ததற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், பொதுமக்கள் நன்கொடையின் துணையோடு, 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது.

குடும்பத்தார் நினைவு நாளிலோ திருமண நாளிலோ சிறு தொகை திரட்டலாம். "ஆய்வுக்கு" என்று எழுத்தில் குறிப்பிட்டு, நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தி, ரசீது பெறுங்கள். தனியார் கணக்கெண்ணைத் தாங்கிவரும் கைபேசிச் செய்திகளை நம்பற்க. சிகிச்சைக்கென வைத்த பணத்தை நன்கொடையாக்க வேண்டா. முழு விளக்கம் கேட்டு, விரும்பினால் இரத்த மாதிரியை ஆய்வுக்கு அளிப்பதும் கொடையே. நோயாளிகள் சிலரே என்பதால், ஒவ்வொருவர் மாதிரிக்கும் மதிப்பு மிகுதி.