அக்காவோடு போன கணக்கு

கேள்வி: பிறை தொழிற்பேட்டையில் 16 பேர் வேலை செய்யும் சின்ன மெஷினிங் பட்டறை எங்களுடையது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஜிக், ஃபிக்சர் செய்து கொடுக்கிறோம். கணக்குக்கு ரெடிமேட் மென்பொருள். ஜாப் ஆர்டர், டெலிவரி ஆர்டருக்கு ஒரு தம்பி தனியாக எழுதிக் கொடுத்த புரோகிராம். பல வருடமாகக் கணக்கைப் பார்த்துக்கொண்ட அக்கா போன மாதம் நின்றுவிட்டார். அவர் இருந்தவரை எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது இ-இன்வாய்ஸ் வேறு வந்துவிட்டது. ஒரு கிரெடிட் நோட் போடவே தடுமாறுகிறோம். புதிதாக வந்திருக்கும் மலாய்ப் பெண் கெட்டிக்காரி, ஆனால் அவர் யாரிடம் கேட்பார்? மென்பொருள் விற்றவர்கள் எங்களுக்கென்று தனிக் கையேடு எழுதித் தர 6,000 வெள்ளி கேட்கிறார்கள். “யார் படிக்கப் போகிறார்கள்? வீடியோ எடுத்து வைத்தால் போதும்” என்கிறான் மகன். காசு கொடுக்கலாமா?
– வாசகர், பிறை

பதில்: அதற்குக் கொடுக்காதீர்கள். எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்பது விற்றவர்களுக்குத் தெரியும். அதை ஏற்கெனவே பிடிஎஃப் ஆக உங்களுக்கு அனுப்பியும் இருப்பார்கள். அக்காவோடு போனது அதுவல்ல. எந்த வாடிக்கையாளருக்கு பிஓ எண் இல்லாமல் இன்வாய்ஸ் போனால் பணம் நின்றுவிடும், யாருக்கு மாதக் கடைசி டெலிவரியை அடுத்த மாதக் கணக்கில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் உங்கள் பட்டறைக்குள் மட்டும் இருக்கும் சங்கதி. வெளியாள் அதை எழுத வேண்டுமென்றாலும் உங்களிடம்தான் வந்து கேட்க வேண்டும்.

வரிக் குறியீடுகளையே பாருங்கள். 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. 2018 ஜூன் 1-இல் அது பூஜ்யமானது, செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பியது. 2024 மார்ச்சில் சேவை வரி பெரும்பாலான சேவைகளுக்கு 8 விழுக்காடு ஆனது. ஒவ்வொரு முறையும் உங்கள் கணினியில் அக்கா சில குறியீடுகளைச் சேர்த்திருப்பார், சிலவற்றை அப்படியே விட்டிருப்பார். இன்று அந்தப் பட்டியலைத் திறக்கும் புதியவருக்கு எது புழக்கத்தில் இருக்கிறது, எது செத்தது என்று எப்படித் தெரியும்? கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது வருமான வரிச் சட்டம். ஆவணம் பத்திரமாக இருக்கும். ஏன் அப்படிப் பதிந்தோம் என்ற காரணம்தான் இருக்காது.

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. 1980-களில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜான் கேரல் என்பவர், அலுவலக ஊழியர்கள் கணினியில் தட்டச்சு செய்யப் பழகுவதைக் கவனித்தார். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து யாரும் படிப்பதில்லை. நேரே வேலையில் இறங்கி, மாட்டிக்கொண்ட பிறகுதான் புத்தகத்தைத் தேடுகிறார்கள். அவர் முன்னுரை, விளக்கவுரையையெல்லாம் வெட்டி எறிந்து, செய்ய வேண்டிய வேலை, தப்பானால் மீளும் வழி இரண்டை மட்டும் வைத்துக் கையேட்டை மெலிய வைத்தார். அதைக் கொண்டு படித்தவர்கள் சீக்கிரமாகவே பழகினார்கள். மாட்டிக்கொண்ட இடத்தை மட்டும் நேரே தேடிப் பார்க்கும் வசதி வீடியோவில் இல்லை. மெஷினில் ஃபிக்சர் மாட்டும் விதத்துக்கு வீடியோதான் சிறந்தது, எடுத்து வையுங்கள். கிரெடிட் நோட்டில் எந்தக் குறியீடு என்பதற்குப் பத்து நிமிட வீடியோவை முன்னும் பின்னும் ஓட்ட யாருக்குப் பொறுமை? அடுத்த அப்டேட்டில் திரை மாறினால் மறுபடி எடுக்க வேண்டும். எழுத்தில் என்றால் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

தினமும் செய்யும் வேலையை எழுதவே வேண்டாம், அது கை பழகிவிடும். அபூர்வமாக வருவதை எழுதுங்கள். வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் உறுதி செய்த இ-இன்வாய்ஸை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம். தாண்டினால் கிரெடிட் நோட், டெபிட் நோட் என்று போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை தப்பாகப் போனதைத் திங்கள் மத்தியானம் கண்டுபிடித்தால், கையில் இருப்பது சில மணி நேரம். அந்த நேரத்தில் யாரும் பிடிஎஃப் புரட்ட மாட்டார்கள். ஊழியர்களுக்கு ஆண்டுச் சம்பள விவரம் காட்டும் இஏ படிவம் பிப்ரவரி முடிவதற்குள் போக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை என்பதால் அக்காவே சற்று யோசித்துத்தான் செய்திருப்பார். ஆண்டுக் கணக்கை மூடுவதும் இந்த வகைதான்.

எழுத வேண்டியவர் அந்தப் புதுப் பெண். தெரிந்தவர் எழுதினால் பாதிப் படிகளைத் தன்னையறியாமல் தாண்டிவிடுவார். சில சனிக்கிழமைகள் அக்காவை வரச் சொல்லுங்கள், உரிய சம்பளம் கொடுங்கள். அந்த 6,000-இல் ஒரு பகுதி அங்கே போகட்டும். கீபோர்டு புதியவர் கையில், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து திருத்த மட்டும். மலாயிலேயே எழுதட்டும். நீங்கள் தமிழில் கேட்டுவிட்டு அவருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் வேலை வேண்டாம். ஐஎஸ்ஓ 9001 எடுத்திருந்தால், அந்தத் தடித்த கோப்புக்குள் இதைச் செருகிவிடாதீர்கள். தரக் கையேடு கட்டாயம் என்பதை 2015 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் நம் ஊரில் ஆடிட் வரும் நாளில் தூசி தட்டவென்றே ஒன்று அலமாரியில் இருக்கும்.

எனக்குக் கவலை தருவது அந்தத் தம்பி எழுதிய புரோகிராம்தான். பெரும்பகுதிப் பணத்தை அங்கே செலவிடுங்கள். அவரிடம் பயனர் கையேடு கேட்க வேண்டாம். சோர்ஸ் கோட், டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது, புதுக் கணினியில் நிறுவும் முறை, பேக்கப்பிலிருந்து மீட்கும் முறை, இவற்றைக் கேளுங்கள். காசு கொடுத்து எழுதச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எழுதச் சொன்னவருக்கே போகும் என்கிறது மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம். ஆனால் கோடு அவருடைய மடிக்கணினியில் மட்டும் இருந்தால், அது பழுதாகும் நாளில் அந்தச் சட்டத்தை வைத்து என்ன செய்வது?

அவர் எழுதிக் கொடுத்ததும் பாக்கியைத் தீர்த்துவிடாதீர்கள். ஒரு பழைய கணினியை மகனிடம் கொடுத்து, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு நேற்றைய பேக்கப்பை ஓட வைக்கச் சொல்லுங்கள். தம்பிக்கு போன் செய்யக் கூடாது. எந்த இடத்தில் போனை எடுக்கத் தோன்றுகிறதோ அங்கே ஒரு வரி குறைகிறது. அதை எழுதி வாங்குங்கள். பிறகு அந்தப் பக்கங்களைக் காகிதத்தில் அச்சிட்டு, பாஸ்வேர்டைத் தனி உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். குறிப்பு அதே கணினிக்குள் மட்டும் இருந்தால், கணினி படுக்கும்போது குறிப்பும் சேர்ந்து படுத்துவிடும்.