காத்திருப்பும் ஒரு கட்டணமே

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., புள்ளியியல்

முன்னுரை

மருத்துவம் என்றதும் நம் கண்முன் தோன்றுபவர் மருத்துவர் ஒருவரே. வள்ளுவர் அவ்வாறு எண்ணவில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளாகிய 950ஆம் குறளில் அவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயாளி ஒரு கூறு. நோயைத் தீர்ப்பவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. உடனிருந்து உதவுபவர் ஒரு கூறு. நான்கில் ஒன்று தளர்ந்தாலும் மருத்துவம் முழுமை பெறாது என்பது இதனால் விளங்கும்.

இந்த நான்கு கூறுகளையும் அளவுகோலாகக் கொண்டு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் அன்றாட நடைமுறையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நோயைப் பற்றியோ சிகிச்சையைப் பற்றியோ தீர்ப்புக் கூற நான் மருத்துவ மாணவி அல்லேன். ஆனால் வரிசையும், நேரமும், இருப்பும், பதிவேடும் கணக்குக்கு உட்பட்டவை. கணக்கு எங்கள் துறையைச் சார்ந்தது.

தோன்றிய வரலாறு

1943ஆம் ஆண்டில் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு 1946இல் தந்த அறிக்கை, பணம் இல்லாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் கிடைக்காமற் போகக் கூடாது என்ற கொள்கையை முன்வைத்தது. கிராமப்புறங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின் அவை வட்டாரந்தோறும் எழலாயின. பின்னர், சமவெளிப் பகுதியில் 30,000 மக்களுக்கு ஒன்று, மலைப் பகுதியில் 20,000 மக்களுக்கு ஒன்று என்று அளவு வகுக்கப்பட்டது.

கொள்கையளவில் பணத்தடை நீங்கிவிட்டது. எங்கள் ஊர் நிலையத்தில் சீட்டுக்குக் காசில்லை, மாத்திரைக்குக் காசில்லை. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குப் பயணக் கட்டணமும் இல்லை. ஆயினும் ஒரு கட்டணம் மட்டும் எஞ்சி நிற்கிறது. அது நேரம்.

என் தாயார் வயல் வேலைக்குச் செல்பவர். இரத்த அழுத்த மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை நிலையத்துக்குச் செல்கிறார். செல்லும் நாளில் வேலைக்குப் போக இயலாது; காலை எட்டு மணிக்கு வயலில் இறங்காதவர்க்கு அன்றைய கூலி இல்லை. ஆகவே, அந்த இலவச மாத்திரையின் விலை ஒருநாள் கூலி. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் கூலி கூடும். அப்போது மாத்திரையின் விலையும் கூடுகிறது! அந்த மாதங்களில்தான் எங்கள் தெருவில் பலர் மாத்திரை வாங்கப் போவதில்லை.

இதன் விளைவு சிறிதன்று. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலி தராத நோய். வலி இல்லாததால் மருந்தை நிறுத்தியது உடனே தெரியாது. என் பெரியப்பா பக்கவாதத்தால் விழுந்தபோது, அவருடைய சிகிச்சை நோட்டு வீட்டு மாடத்தில்தான் இருந்தது. அதில் கடைசிப் பதிவு அறுவடைக்கு முந்தைய மாதத்தது. மாத்திரை விடாமல் உண்டிருந்தால் அவர் விழுந்திருக்கவே மாட்டார் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது வசதிக்கான செயல் மட்டுமன்று, அதுவும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதை நான் உணர்ந்தது அந்த நோட்டைப் பார்த்தபோதுதான்.

முதற் கூறு: நோயாளியும் வரிசையும்

வரிசையைக் கணிதமாக ஆராய்ந்த முன்னோடி டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்பவர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1909இல் தொலைபேசி அழைப்புகள் பற்றிய தம் முதற் கட்டுரையை வெளியிட்டார். மருத்துவமனைப் புறநோயாளர் வரிசைக்கு இக்கணிதத்தைப் பொருத்திக் காட்டியவர் இங்கிலாந்தின் நார்மன் பெய்லி. அவர் கட்டுரை 1952இல் வெளிவந்தது.

நாம் ஓர் எளிய எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் 90 நோயாளிகள் வருகின்றனர். மருத்துவர் ஒருவருக்கு 3 நிமிடம் அளிக்கிறார் என்று கொள்வோம். மொத்தம் 270 நிமிடம். அதாவது நாலரை மணி நேரம். தொண்ணூறு பேரும் காலை 9 மணிக்கே வந்து அமர்ந்துவிட்டால், முதல்வர் காத்திருப்பது 0 நிமிடம். கடைசியாளர் காத்திருப்பது 267 நிமிடம். சராசரி 133.5 நிமிடம்.

இனி, அதே 90 பேரை முப்பது முப்பது பேராகப் பிரித்து 9 மணிக்கும், 10.30 மணிக்கும், 12 மணிக்கும் வரச் செய்வோம். முதல் முப்பது பேரைப் பார்த்து முடிக்க 90 நிமிடம் ஆகும்; முடியும் வேளையில் அடுத்த முப்பது பேர் வந்துவிடுவர். மருத்துவர் ஒரு நிமிடமும் சும்மா இருப்பதில்லை. முன்போலவே 1.30 மணிக்குப் பணி முடிகிறது. ஆனால் சராசரிக் காத்திருப்பு 43.5 நிமிடமாகக் குறைகிறது. ஒருவருக்குச் சராசரியாக 90 நிமிடம் மிச்சம். தொண்ணூறு பேருக்கும் சேர்த்து 8,100 நிமிடம். அதாவது 135 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒருநாள் வேலையாகக் கொண்டால், ஏறத்தாழ பதினேழு பேரின் ஒருநாள் உழைப்பு! புதிய மருத்துவர் இல்லை. புதிய கட்டடம் இல்லை. ஒரு ரூபாய்ச் செலவும் இல்லை.

இவ்வளவு எளிதாயின் ஏன் எல்லோரும் ஒன்பது மணிக்கே வருகின்றனர் என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் தெருப் பெண்களிடம் இதனைக் கேட்டேன். மூன்று விடைகள் கிடைத்தன. அந்த நேரத்துப் பேருந்தை விட்டால் அடுத்த பேருந்து நண்பகலுக்குத்தான் என்றனர் சிலர். தாமதமாகப் போனால் டாக்டர் கூட்டத்துக்கோ முகாமுக்கோ போய்விடுவார் என்றனர் சிலர். மாத்திரை தீர்ந்துவிடும் என்றனர் மற்றவர். முதற்காரணம் போக்குவரத்து; மற்ற இரண்டும் நம்பிக்கையின்மை. ஆகவே, நேரம் எழுதிய பலகையை மாட்டிவிட்டால் மட்டும் வரிசை குறைந்துவிடாது. பன்னிரண்டு மணிச் சீட்டு பெற்றவருக்கும் டாக்டர் இருப்பார், மாத்திரை இருக்கும் என்ற உறுதி வேண்டும். பேருந்து வரும் நேரத்தை ஒட்டியே சீட்டின் நேரமும் அமைய வேண்டும்.

பெய்லியின் முடிவும் இங்கே பயன்படும். தொடக்கத்தில் இருவரை வரச் செய்து, பிறகு ஒருவரைப் பார்க்க ஆகும் சராசரி நேர இடைவெளியில் ஒவ்வொருவராக வரச் செய்தால், மருத்துவரின் நேரமும் வீணாகாது. நோயாளியின் நேரமும் வீணாகாது என்று அவர் காட்டினார். நம் கிராமத்தில் நிமிடக் கணக்கில் ஆளை வரவழைப்பது நடவாது. முப்பது பேர் கொண்ட குழுவாக வரவழைப்பது நடக்கும்.

இரண்டாம் கூறு: மருத்துவரின் சுமை

வரிசைக் கணிதத்தில் வியப்பூட்டும் ஒரு செய்தி உண்டு. மருத்துவரின் நேரத்தில் எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது என்பதைப் பொறுத்துக் காத்திருப்பு அமைகிறது. ஆனால் அது நேர்விகிதத்தில் வளர்வதில்லை. நோயாளிகளின் வருகையும், பார்க்கும் நேரமும் தற்செயலாக அமைவன என்று கொள்ளும் எளிய மாதிரியில், சராசரி பார்வை நேரம் 3 நிமிடமாயின், 80 விழுக்காடு நிரம்பும்போது சராசரிக் காத்திருப்பு 12 நிமிடம். 90 விழுக்காட்டில் 27 நிமிடம். 95 விழுக்காட்டில் 57 நிமிடம். சுமை சிறிதளவு ஏறினால் வரிசை பன்மடங்கு நீள்கிறது. இதையே திருப்பிச் சொன்னால், சுமையில் சிறிதளவைப் பிறர் ஏற்றுக்கொண்டாலும் வரிசை பன்மடங்கு சுருங்கும்.

எந்தச் சுமையைப் பிறர் ஏற்கலாம்? எங்கள் நிலையத்தில் காய்ச்சலுக்கு வருபவரும், குழந்தைக்குப் பேதி என்று ஓடிவருபவரும், மாதாந்தர மாத்திரைக்கு வருபவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கின்றனர். மாத்திரைக்கு வருபவரின் அழுத்தத்தையும் சர்க்கரையையும் செவிலியர் முதலில் அளந்து நோட்டில் குறித்துவிட்டால், அளவு மீறியவரையும் புதிதாகத் தொல்லை உள்ளவரையும் மருத்துவர் நிதானமாகப் பார்க்கலாம். மூன்று நிமிடம் ஆறு நிமிடமாகும். பேதியால் வாடிய குழந்தை வரிசையில் எத்தனையாவதாக இருந்தாலும் முதலில் உள்ளே போக வேண்டும் என்பதையும் சீட்டு எழுதும் இடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

மூன்றாம் கூறு: மருந்தும் இருப்பும்

அரசு மருந்துகளைக் கொள்முதல் செய்வதற்காகத் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994இல் நிறுவப்பட்டது. ஒவ்வொரு நிலையத்துக்கும் வங்கிக் கணக்குப் போன்ற ஒரு பாஸ்புத்தகம் உண்டு. இவ்வளவு மதிப்புக்கு மருந்து பெறலாம் என்ற வரம்புக்குள், எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை நிலையமே கேட்டு மாவட்டக் கிடங்கிலிருந்து பெறுகிறது. இதனால், ‘எப்போது கேட்பது’ என்பதே மருந்தாளுநரின் முதன்மையான கேள்வியாகிறது.

இதற்கும் கணக்கு உண்டு. 200 பேர் நாளொன்றுக்கு ஒரு மாத்திரை வீதம் உண்பதாகக் கொள்வோம். நாட்செலவு 200, மாதச் செலவு 6,000. கேட்ட மருந்து வந்து சேர 15 நாள் ஆகுமாயின், அதுவரைக்கும் 3,000 வேண்டும். எதிர்பாராத தாமதத்துக்கென ஒரு வார இருப்பு 1,400. கூட்டினால் 4,400. அலமாரியில் 4,400 என்ற அளவைத் தொட்ட அன்றே கேட்புச் சீட்டு எழுதிவிட வேண்டும், தீரும்வரை காத்திருக்கலாகாது. அலமாரியின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இட்டாலே போதும். மாத்திரை தீராது என்பது ஊருக்குத் தெரிந்தால், காலை ஒன்பது மணிக் கூட்டமும் தானே கலையும்.

நான்காம் கூறு: உடனிருந்து உதவுபவர்

நிலையத்துக்கு வருபவரை மட்டும் கவனித்தால் போதுமா? வராதவரை யார் கவனிப்பது? இக்கேள்விக்குத் தம் வாழ்நாள் உழைப்பையே விடையாகத் தந்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸ் நாட்டில் கிளின்காரக் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் 1961 முதல் மருத்துவராக இருந்தவர். எந்த நோய்க்காக வந்தாலும் வந்தவரின் இரத்த அழுத்தத்தை அளந்தார். வராதவரைத் தேடிச் சென்று அளந்தார். ஊர் முழுமைக்கும் பதிவேடு வைத்திருந்தார். யாருக்கு மருத்துவம் மிகுதியாகத் தேவையோ அவருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்ற கருத்தை 1971இல் லான்செட் இதழில் எழுதினார். சுரங்கத் தொழிலாளருக்கு அவர் கூறியது எங்கள் ஊர் வயல் தொழிலாளருக்கும் பொருந்துகிறது.

தமிழ்நாட்டிலும் இவ்வழியில் ஒரு முயற்சி நடந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசேர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஒரு மாத்திரைப் பட்டை வீடு வந்து சேர்ந்தால் ஒருநாள் கூலி வீட்டில் தங்குகிறது.

இத்தகைய பணி சிறக்கப் பதிவேடு துணை வேண்டும். வந்தவர் பெயரை எழுதுவது எளிது. இந்த மாதம் வரவேண்டியவருள் வராதவர் யார் என்று எடுப்பதே பயனுள்ள பதிவு. கிராம சுகாதாரச் செவிலியரின் கையில் மாதந்தோறும் அந்தப் பெயர்ப்பட்டியல் இருந்தால், மாடத்தில் உறங்கும் நோட்டுகள் எழுந்துவிடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், நேரம் குறித்த சீட்டு, செவிலியரின் முன்னளவு, அலமாரியில் ஒரு சிவப்புக் கோடு, வராதவர் பட்டியல் என்ற நான்கும் வள்ளுவர் வகுத்த நான்கு கூறுகளுக்கும் ஒவ்வொன்றாய்ப் பொருந்துவதைக் காணலாம். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. கூடுதல் மருத்துவரும் கூடுதல் கட்டடமும் வேண்டாம் என்று நான் கூறவில்லை. அவை வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை என்றே கூறுகிறேன்.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் என்னைப் போலவே தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நம் பெற்றோர் நாட்கூலியை மணிக்கணக்கில் இழந்து நம்மைப் படிக்க வைக்கின்றனர். வகுப்பில் சராசரியும் விகிதமும் கற்ற நாம், விடுமுறையில் நம் ஊர் மருத்துவ அலுவலரின் அனுமதியோடு ஒரு வாரம் அமர்ந்து, எத்தனை மணிக்கு எத்தனை பேர் வருகின்றனர், எவ்வளவு நேரம் இருக்கின்றனர் என்று குறித்துக் கொடுப்போமாயின் அது அவர்க்கும் உதவும், ஊர்க்கும் உதவும். அதற்கு வேண்டியவை ஒரு நோட்டும், ஒரு பேனாவும், ஒரு கடிகாரமுமே. வரும் கோடை விடுமுறையில் இப்பணியைச் செய்ய எண்ணியுள்ளேன். உடன் வர விரும்பும் தோழியரும் தோழர்களும் புள்ளியியல் துறையில் என்னைச் சந்திக்கலாம்.