வீட்டைப் பார்ப்பதும், பார்த்ததை எழுதி வைப்பதும்

நம்மவர் இருவர். பெயர் வேண்டாம், பலருக்கும் நடப்பதுதான். ஒருவர் மும்பையிலுள்ள தமது பிளாட்டை வாடகைக்கு விட்டார். மற்றவர் குடும்பத்துடன் அதில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தார். சாவி கைமாறிய அன்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள், காப்பி சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். காலி செய்யும்போது, பாத்ரூம் கசிவால் கீழ்வீட்டுக் கூரையில் கறை படிந்துவிட்டது என்று டெபாசிட்டில் 40,000 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டது. "நாங்கள் வரும்போதே அந்தச் சுவரில் ஈரம் இருந்தது" என்கிறார் இவர். "கிடையவே கிடையாது" என்கிறார் அவர். இருவருமே பொய் சொல்கிறவர்கள் அல்லர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இப்போது விழாக்களில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முகம் திருப்பிக் கொள்கிறார்கள்.

இந்தத் தவறை நானும் செய்தவன்தான். ரயில்வேயில் கட்டட வேலைகளைக் கவனிக்கும் இன்ஸ்பெக்டரை அந்நாளில் ஐ.ஓ.டபிள்யூ. என்பார்கள். 1988இல் நான் அவருக்கு உதவியாளன். ஒரு குவார்ட்டர்ஸைப் பார்த்துவிட்டு, ரிஜிஸ்தரில் "நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். புதுக் குடும்பம் வந்து இரண்டே மாதத்தில் அடுக்களைக் கூரையின் பூச்சு பெயர்ந்து விழுந்தது. சற்று முன்புதான் அங்கிருந்து தொட்டிலை நகர்த்தியிருந்தார்கள். விசாரணையில் என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "கூரையைத் தட்டிப் பார்த்தீரா?" தட்டினேனா இல்லையா என்பது எனக்கே நினைவில்லை. நான் எழுதிய மூன்று சொற்களும் எனக்குத் துணைக்கு வரவில்லை. தண்டனை சிறியதுதான். ஆனால் அந்தத் தொட்டிலை நான் இன்றும் மறக்கவில்லை.

அன்று முதல் கடைப்பிடித்த முறையை வாசகர்களுக்குச் சொல்கிறேன். வீடு வாங்குபவர், வாடகைக்கு விடுபவர், குடி போகிறவர், சொசைட்டி கமிட்டியில் இருப்பவர், நண்பர் அழைத்தார் என்று வீடு பார்க்கப் போகிறவர் என எல்லோருக்கும் இது உதவும்.

முதல் விதி: எப்போதும் ஒரே வரிசை

வெளியிலிருந்து உள்ளே, மேலிருந்து கீழே. ஒவ்வொரு அறையிலும் வாசலில் நின்று இடப்பக்கமாகத் தொடங்கி நான்கு சுவர்கள், பிறகு கூரை, பிறகு தரை. சொந்தக்காரர் வீடானாலும் அந்நியர் வீடானாலும் இதே வரிசைதான். ஓர் அறையில் கூரையைத் தட்டினால் எல்லா அறையிலும் தட்ட வேண்டும். ஒன்றில் தட்டி ஒன்றில் விட்டால், விட்ட இடத்தில்தான் கேள்வி வரும். வரிசை நிலையாக இருந்தால், "மறந்துவிட்டீர்கள்" என்று யாரும் சொல்ல முடியாது. நாமும் மறக்க மாட்டோம்.

எதைப் பார்ப்பது?

1. விரிசல். தலைமயிர் போன்ற மெல்லிய விரிசல்களில் பெரும்பாலானவை பூச்சோடு நின்றுவிடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவதையும், உத்தரம் அல்லது தூணில் உள்ளதையும் தனியே குறியுங்கள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். பாலங்களில் நாங்கள் செய்வதுபோல விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை ஒட்டி வைக்கலாம். பட்டை உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

2. கூரைப் பூச்சு. மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் கெட்டியான இடம் 'டக்' என்னும். உள்ளே விட்டுப்போன இடம் வெற்றுப் பானைபோல் ஒலிக்கும். பழுப்புத் துருக்கறை தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். துருவேறிய கம்பி பருத்து, மேலுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடற்காற்று வீசும் மும்பையில் இது வேகமாக நடக்கும்.

3. ஈரம். பாத்ரூமை ஒட்டிய சுவர்களின் மறுபக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், பிளம்பர்கள் நஹானி டிராப் என்று சொல்லும் வடிகால் வாயைத் துணியால் அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டாரின் கூரையைப் பாருங்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

4. மின்சாரம். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. உண்டா? அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தினால் மின்சாரம் துண்டிக்கிறதா? இதற்கு மேல் போர்டைத் திறந்து பார்ப்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை.

5. கேஸ். சிலிண்டர் இணைப்புக் குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தேதியும் இருக்கும். சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காற்றோட்டமில்லாத பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தால், அன்றே உரியவரிடம் எழுத்தில் சொல்லுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிரைக் குடித்துவிடும்.

இரண்டாம் விதி: கண்டதை எழுதுங்கள், கருத்தை அல்ல

"பாத்ரூம் சரியில்லை" என்பது குறிப்பு ஆகாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "பொது பாத்ரூம், மேற்குச் சுவர். தரையிலிருந்து 2 அடி உயரம் வரை, 3 அடி நீளத்துக்குக் கறை. தொட்டால் ஈரம். காலை 10 மணி. படம் எண் 7." இதை ஐந்து ஆண்டு கழித்து யார் படித்தாலும் அந்தச் சுவருக்கு எதிரே போய் நிற்கலாம்.

காரணம் சொல்வதில் அவசரம் வேண்டாம். "மேல்வீட்டுக்காரர் கசிய விடுகிறார்" என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. "மேல்வீட்டு பாத்ரூமுக்கு நேர் கீழே கூரையில் ஈரம்" என்பது கண்டது. முன்னதற்கு நிரூபணம் கேட்பார்கள். பின்னதற்குப் படமே போதும்.

படம் எடுக்கையில் முதலில் சுவர் முழுவதும் தெரிய ஒன்று, பிறகு அருகில் ஒன்று. விரிசலுக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வையுங்கள். எடுத்த படங்களை அன்றே இரு தரப்பாருக்கும் வாட்ஸ்அப்பிலோ ஈ-மெயிலிலோ அனுப்பிவிட்டால் தேதி பற்றிப் பிறகு தகராறு வராது.

மூன்றாம் விதி: பார்க்காததையும் எழுதுங்கள்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பார்க்க முடியவில்லை." "பரணில் சாமான் நிறைந்திருந்தது." "தண்ணீர் வராத நேரம், குழாய்கள் சோதிக்கப்படவில்லை." எழுதாமல் விட்டால் எல்லாம் பார்த்ததாகவே கொள்வார்கள், பழியும் நம்மீது வரும். நண்பருக்காகப் போகிறவர்கள் இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். "நீங்கள் பார்த்துச் சொன்னதால்தானே வாங்கினேன்" என்ற வார்த்தை எத்தனையோ நட்பை முறித்திருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் நேரே 'நன்று', 'பழுது', 'பார்க்கவில்லை' என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். எந்த வரியையும் காலியாக விடாதீர்கள். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். மேலேயே எழுதித் திருத்த வேண்டாம். இரண்டு பிரதிகள், இரு தரப்பின் கையெழுத்து, தேதி. வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதே வரிசையில் மறுபடி பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் அப்படியல்ல. அம்மாநில வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, பிரிவு 55இன்படி லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும்; பதிவு செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. மேலே சொன்ன தாளை அந்த ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர்த்துவிடலாம்.

புது பிளாட் வாங்குவோருக்கு ரெரா சட்டம், 2016, பிரிவு 14 துணை நிற்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை காணப்பட்டுத் தெரிவிக்கப்பட்டால், கட்டியவர் 30 நாட்களுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். குறை எப்போது தெரிந்தது, எப்போது தெரிவித்தோம் என்பதுதான் அங்கே கேள்வி. தேதியிட்ட குறிப்பு இல்லாவிட்டால் உரிமை இருந்தும் வாதாடத் திண்டாட வேண்டியிருக்கும்.

மும்பையில் 30 ஆண்டு கடந்த கட்டடங்களை, மாநகராட்சியில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பது சட்டம். நம் இரண்டு தாள் குறிப்பு அதற்கு ஈடாகாது. தூணிலோ உத்தரத்திலோ விரிசல், வெளியே தெரியும் கம்பி, தொங்கும் சன்ஷேட் இவற்றைக் கண்டால் நாமே முடிவு சொல்லாமல், கமிட்டிக்கு எழுதிக் கொடுத்து அவரை அழைக்கச் செய்வதே முறை.

இத்தனையும் சொன்னால், "தெரிந்தவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா, என்ன நினைப்பார்?" என்று தயங்குகிறோம். தெரிந்தவராக இருப்பதால்தான் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் சொன்ன அந்த நண்பர் இருவரும் அன்று ஒரு மணி நேரம் செலவிட்டு இரண்டு தாள் எழுதியிருந்தால், 40,000 ரூபாய் யார் பொறுப்பு என்று தாளே சொல்லியிருக்கும்.

வரும் மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலில் உங்கள் சொந்த வீட்டில் இந்த முறையில் ஒரு சுற்று வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் தட்டிப் பார்க்க, ஒருவர் எழுதட்டும். மழை நின்றபின் அதே தாளோடு மறுபடி பாருங்கள். உங்கள் வீட்டைப் பற்றி இதுவரை தெரியாத இரண்டு விஷயமாவது அப்போது தெரியவரும்.