சாலைக்கும் டிராக்குக்கும் ஏற்ற டிஃபரென்ஷியல்

சாதாரண டிஃபரென்ஷியலில், வளைவில் உள்பக்கச் சக்கரம் பிடிப்பை இழந்து சுழன்றால் மறுபக்கச் சக்கரத்துக்கும் இழுவை கிடைக்காது. இதைத் தடுப்பதே லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்.

• ஹெலிக்கல் வகை (டார்சென், குவாய்ஃப்): பல்சக்கரங்களால் இயங்குவது, சத்தம் இல்லை, தேய்வதற்குக் கிளட்ச் தகடுகளும் இல்லை. தினமும் ஓட்டி, அவ்வப்போது டிராக்குக்குப் போகும் காருக்கு இதுவே ஏற்றது. ஆனால் ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கினால் பலன் வெகுவாகக் குறையும்.

• கிளட்ச் தகடு வகை: சக்கரம் தூக்கினாலும் இழுவை இருக்கும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுக்கும்போது கடகடவென்று சத்தம் வரலாம். தகடுகள் தேய்ந்தால் பிரித்து மாற்ற வேண்டும்.

• கிளட்ச் தகடு வகையில் 1-வே, 1.5-வே, 2-வே: 1-வே ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் இறுகும். 2-வே காலை எடுத்தாலும் இறுகும். டிரிஃப்ட் ஓட்டுபவர்கள் விரும்புவது இதைத்தான். 1.5-வே இடைப்பட்டது; பின்சக்கர இழுவைக் கார் இரு பயன்பாட்டுக்கும் என்றால் பொருந்தும். முன்சக்கர இழுவைக் காருக்கு ஹெலிக்கல் அல்லது 1-வே நல்லது.

• வாங்கும் முன்: ஆக்சில் ஸ்ப்ளைன் எண்ணிக்கை, கிரௌன் வீல் அளவு இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

• பொருத்தும்போது: கிரௌன்-பினியன் இடைவெளியை டயல் கேஜால் அளந்து சரிசெய்வது அவசியம், தவறினால் பற்கள் ஊளையிட்டுத் தேயும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஆயிலையே ஊற்ற வேண்டும்.